நடக்காத எண்ணூறு மீட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் குழந்தைகளுக்கான ஆரோக்கிய ஓட்டம் ஒன்று நடந்தது. காலை ஆறரை மணிக்குத் தொடக்கம் என்று அறிவிப்பு. என் பேத்தி ஆறே காலுக்கே சான்றிதழோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் சுவர்க் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். நேரம், தேதி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு.

“அதுக்குள்ள ஓடிட்டியா?”

“ஓடல தாத்தா. பேர் குடுத்தப்பவே சர்ட்டிபிகேட், டீ-ஷர்ட், ஜூஸ் எல்லாம் குடுத்துட்டாங்க. கூட்டம் ஜாஸ்தி. எல்லாம்தான் வாங்கியாச்சே, இன்னும் இன்னாத்துக்கு நிக்கணும்னு அப்பா வண்டியத் திருப்பிட்டாரு.”

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். ‘ஓட்டத்தை வெற்றிகரமாக நிறைவு செய்தமைக்காக’ என்று போட்டிருந்தது. கீழே மூன்று கையெழுத்துகள், மூன்றும் அச்சடித்தவை. அடுத்த பத்து நிமிடத்தில் என் மகன் அதைப் படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டான். ‘எங்க வூட்டு சாம்பியன்’ என்று தலைப்பு. கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. சாம்பியன் அதற்குள் டீ-ஷர்ட்டைக் கூடக் கழற்றாமல் மறுபடி படுத்துத் தூங்கிவிட்டாள்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் மகனைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்டிருப்பீர்கள். எனக்கு வாய் வரவில்லை. காரணம் எளிது. ஓடுவதற்கு முன்பே சான்றிதழ் கொடுக்கும் கலையை இந்த ஊரில் இவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இவர்கள் பிறப்பதற்கு முன்பே அதை நான் செய்திருக்கிறேன். அதுவும் அச்சில் அல்ல, கையால். அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அந்தச் சான்றிதழில் புது மையின் வாடை அடித்தது. எனக்கு அது போதவில்லை. சான்றிதழ் என்றால் என் மூக்குக்குக் கார்பன் தாளின் வாடை வேண்டும். மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை. கையைக் கழுவினாலும் சோற்றில் வந்து ஏறும். 1987-ல் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் இளநிலை உதவியாளன். பள்ளியின் பெயர் வேண்டாம். வயது இருபத்துமூன்று. கையெழுத்து அழகாக இருக்கும் என்று நான்கு பேர் சொன்னதை நம்பிக்கொண்டு, அதற்கென்றே பிறந்தவன்போல நடமாடிய காலம். மூன்று கார்பன் வைத்து எழுதினாலும் நான்காவது பிரதியில் சுழி தெரிய வேண்டும் என்று அழுத்தி எழுதுவேன். வேறு சாதனை என்று சொல்லிக்கொள்ள அந்த வயதில் ஒன்றும் இல்லை.

அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அருணகிரி சார். அவரை விவரிப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அவர் இருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன். கழுத்தில் விசில் எப்போதும் தொங்கும். ஆனால் அதற்குள் உருளும் பட்டாணி என்றைக்கோ விழுந்துவிட்டது. ஊதினால் காற்றுதான் வரும். புதிது வாங்கலாமே என்றால், “பசங்களுக்கு நம்ம குரலே போதும்பா” என்பார். குரலும் நாற்காலியிலிருந்துதான் வரும். வேப்ப மரத்தடியில் அவருக்கென்று ஒரு இரும்பு நாற்காலி உண்டு. நிழல் நகர நகர நாற்காலியும் நகரும். ஒரு நாளில் அவர் செய்த தேகப்பயிற்சி அவ்வளவுதான்.

கால்பந்து இரண்டு இருந்தன. இரண்டும் பீரோவுக்குள் இருந்தன. பீரோ சாவி அவர் இடுப்பில் இருந்தது. “வெளிய எடுத்தா கிழிஞ்சிடும்பா. ஆடிட்டுக்கு வர்றவன் பந்து எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?” என்பார். ஆக, பந்து கிழியாமல் பாதுகாக்கப்பட்டது. ஐந்தாறு வருடங்களில் அது பீரோவுக்குள்ளேயே காற்றிறங்கி, தோல் வெடித்து, ஒரு உதையும் வாங்காமல் உயிரை விட்டது. கழித்துக்கட்டும் பட்டியலில் ‘தொடர் பயன்பாட்டினால் தேய்வு’ என்று நான்தான் எழுதினேன்.

வாரம் இரண்டு முறை பி.டி. பீரியட். ஆண்பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் இருந்த அவருடைய கரும்புக் கொல்லைக்கு அனுப்புவார். கரும்பின் காய்ந்த சோகையை உரிப்பது தோளுக்கு நல்ல பயிற்சியாம். பெண்பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்து கணக்கு போட வேண்டும். கணக்கு வாத்தியார் அந்தப் பீரியடை நிரந்தரமாக வாங்கிக்கொண்டிருந்தார். அறிவியல் பாடப் புத்தகத்தில் ‘ஓடியாடி விளையாடுவதன் நன்மைகள்’ என்று ஒரு பாடம் இருந்தது. அதை நடத்தி, கேள்வி எழுதிப்போட்டு, தப்பாக எழுதிய பிள்ளைகளை விளையாட விடாமல் உட்கார வைத்து நூறு தடவை எழுதச் சொன்னார்கள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இந்த அருணகிரி சாரிடம்தான் அந்த வருடம் வட்டார விளையாட்டுப் போட்டியை நடத்தும் பொறுப்பு வந்து சேர்ந்தது. சுற்றறிக்கை தயார் செய்தவன் நான். திருக்கோவிலூர், ரிஷிவந்தியம், கச்சிராயபாளையம், மேலே கல்வராயன் மலைப் பள்ளி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பிரதி. எல்லாப் பள்ளிகளும் நுழைவுப் படிவங்களை அனுப்பிவிட்டன. போட்டி சனிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 17, வியாழக்கிழமை, சாலை மறியல் தொடங்கியது.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி வட மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: வட மாவட்டங்களில் பெருவாரியாக இருக்கும் ஒரு சாதியினர் கல்வியிலும் வேலையிலும் தங்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு நடத்திய மறியல். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை, பால் இல்லை. உயிர்களும் போயின, குடிசைகளும் எரிந்தன. அதை இந்தக் கட்டுரையின் ஓரத்தில் எழுதிவிட்டுப் போவது மரியாதை இல்லை. ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டதில் நியாயம் இருந்தது என்பது என் கட்சி. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். நான் சொல்ல வந்தது வேறு. அவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு கோழை மனிதர் எதற்குப் பயன்படுத்தினார் என்பது.

தலைமை ஆசிரியர் திருக்கோவிலூரில் வீட்டில் மாட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஆபீசில் நானும் அருணகிரி சாரும் மட்டும்.

“போட்டி தள்ளிப் போச்சுன்னு கடலூர் ஜில்லா ஆபீசுக்கு எழுதிடலாம் சார்” என்றேன்.

“எழுதினா ஏன்னு கேப்பான். மெமோ வரும். நடந்துதுன்னு எழுதினா எவன் கேக்கப் போறான்?”

“யாருமே வரலையே சார்.”

“நுழைவுப் படிவம் வந்திருக்குது இல்ல? படிவம் வந்தா ஆள் வந்த மாதிரிதான்.”

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஏம்ப்பா, நம்ம ஆபீஸ்ல அந்த ரோஸ்டர் சார்ட்டு இருக்குதா?” என்று கேட்டார்.

அரசு வேலைக்கு ஆள் எடுக்கும்போது எந்தப் பிரிவுக்கு எத்தனையாவது இடம் என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கும் இனச்சுழற்சி அட்டவணையைத்தான் ரோஸ்டர் என்போம். ஆபீஸ் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இருக்குது சார். இன்னாத்துக்கு?”

“ஓட்டப்பந்தயத்துக்கு.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

“ஊர் கெடக்கற கெடையில எவன் பேரைப் போட்டாலும் இன்னொருத்தன் வந்து நிப்பான். அவன் புள்ளைக்கு மட்டும் மொதப் பரிசா, எம்புள்ளைக்கு எங்கன்னு கேப்பான். ரோஸ்டர் படி போட்டுட்டா எவனும் வாயத் தொறக்க முடியாது. படிவத்துல கம்யூனிட்டி காலம் இருக்குது பாரு. அத வெச்சிக்கினு எழுதிக்கினே வா.”

எழுதினேன். இதை இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்குப் பெருமை இல்லை. ஆனால் அன்றைக்கு எழுதும்போது இருந்தது. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வட்டாரப் போட்டியையே நடத்தி முடித்தோம். நூறு மீட்டர், இருநூறு மீட்டர், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், வட்டு, ஈட்டி. ரோஸ்டரில் இந்தப் பிரிவின் முறை வந்தால் அவன் முதலில் ஓடி வந்தான். அடுத்த பிரிவின் முறை வந்தால் இவன் உயரம் தாண்டினான். ஓடிய நேரத்துக்குப் போன வருடப் பட்டியலை எடுத்துவைத்து, நொடியில் கொஞ்சம் கூட்டினோம், கொஞ்சம் குறைத்தோம். “எல்லாம் முழு எண்ணா இருக்கக் கூடாதுப்பா. புள்ளி வெச்சு எழுது. புள்ளி வெச்சாத்தான் நம்புவான்” என்றார். புள்ளி வைத்தேன். அழகழகான புள்ளிகள்.

பெண்கள் எண்ணூறு மீட்டரில் முதலிடம் செல்வராணிக்குப் போனது. கச்சிராயபாளையம் பக்கத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பெண். நல்ல பெண்ணாகத்தான் இருந்திருப்பாள். அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தாளோ, தான் முதலாவதாக வந்தது அவளுக்கே தெரியாது.

மலைப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு படிவம்தான் வந்திருந்தது. ராமாயி, பத்தாம் வகுப்பு, எண்ணூறு மீட்டர். அப்போது பழங்குடியினருக்குத் தனி ஒதுக்கீடு கிடையாது. பட்டியல் சாதியினருக்கும் சேர்த்துப் பதினெட்டு சதவீதம். ஒரு சதவீதம் தனியாகப் பிரித்தது 1990-ல். எங்கள் பந்தயத்திலும் அப்படியே. அந்த முறை வந்த ஓட்டங்களை எல்லாம் கீழே இருக்கும் பள்ளிகளுக்குக் கொடுத்து முடித்த பிறகு மலைக்கு ஒன்றும் மிச்சமில்லை.

“மலைக்கு ஒண்ணும் இல்லையே சார்” என்றேன்.

“குண்டு எறிதல்ல மூணாவது எடம் காலியா இருக்குதா?”

“இருக்குது.”

“போடு. மலைக்காரங்க ஒடம்பு உறுதியா இருக்கும்.”

சனிக்கிழமை காலை எட்டரை மணி, நாங்கள் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டு முடிக்கும் நேரம். ஆபீஸ் வாசலில் ஒரு ஆளும் ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், முழங்காலில் சிராய்ப்பு. பெண்ணுக்குப் பதினைந்து வயது இருக்கும். ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. அவர் மடியிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். என் சுற்றறிக்கை.

“வெள்ளிமலைப் பக்கத்துலருந்து வர்றோமுங்க. எம்பேரு ஆண்டி. இது எம்பொண்ணு ராமாயி. நேத்து கருக்கல்ல எறங்கினோம். அணைக்கட்டுகிட்ட படுத்துட்டு விடியல எழுந்து வர்றோம்.”

“எப்டிய்யா வந்தீங்க? ரோட்டையே மறிச்சிக்கினு இருக்கறானுங்களே” என்றார் அருணகிரி சார்.

“பஸ்சுக்குத்தானே மறிச்சிருக்காங்க. நாங்க நடந்துல்ல வந்தோம். வழி பூரா புளியமரம் படுத்துக்கினு கெடக்குதுங்க. ஏறி எறங்கி வந்ததுல முட்டிதான் தேஞ்சிப்போச்சி.”

மறியலில் நின்ற பிள்ளைகள் அவர்களைத் தடுக்கவில்லையாம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்களாம். பொண்ணு ஓட்டப்பந்தயத்துக்குப் போகுது என்றதும் ஒரு பையன் கை கொடுத்து மரத்தின் மேல் ஏற்றிவிட்டானாம். சாலையை மறித்தவர்கள் வழி விட்டார்கள். வழி விட வேண்டிய நாங்கள் இரண்டு பேரும் அங்கே பட்டியலோடு உட்கார்ந்திருந்தோம்.

அருணகிரி சார் தொண்டையைச் செருமினார். “போட்டி முடிஞ்சிடுச்சிய்யா.”

“எப்பங்க?”

“காலைல.”

ஆண்டி வெயிலைப் பார்த்தார். “இதுவே காலைலதானுங்க.”

ராமாயி எங்கள் பேச்சைக் கேட்காமல் மைதானத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானம் முழுக்கப் புல். நான்கைந்து வெள்ளாடுகள். வாசல் ஓரத்தில் சுண்ணாம்புத் தூள் மூட்டை தையல் பிரிக்காமல் இருந்தது.

“கோடே போடலியே சார்” என்றாள். அப்புறம் என்னிடம் திரும்பி, “நாங்க ஓடறதுக்கு முன்னாடியே நீங்களே ஓடி முடிச்சிட்டீங்களா?” என்றாள்.

“ஏ புள்ள, வாய மூடு” என்றார் ஆண்டி. அருணகிரி சார் பக்கம் திரும்பினார். “சின்னப் புள்ளைங்க, தெரியாம பேசிட்டுது. மேல பத்தாப்புக்கு மேல பள்ளிக்கூடம் இல்லீங்க. ஓட்டத்துல மொதோ ரெண்டு எடத்துல வந்தா வெளையாட்டு விடுதியில சேத்துக்கினு பதினொண்ணு படிக்க வெப்பாங்கன்னு வாத்தியார் சொன்னாரு. அதுக்காகத்தான் இம்மாந் தூரம் வந்துது. ஓடிக் காட்டிட்டாவது போவட்டுங்க. தோத்தா தோத்துக்கினு போவுது.”

யாரிடம் தோற்பது? மைதானத்தில் ஆடுகள்தான் இருந்தன.

அருணகிரி சாருக்கு அவர்களை அனுப்பிவிட வேண்டும். “சரி. ரெண்டு சுத்து. ஓடிட்டுப் போயிடணும். அதுக்கப்புறம் பேச்சு வெச்சிக்கக் கூடாது” என்று சொல்லி, பீரோவைத் திறந்து நிறுத்துக் கடிகாரத்தை எடுத்தார். அவர் அந்தப் பீரோவைத் திறந்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். நாற்காலி வேப்ப மரத்தடிக்கு வந்தது. ஆண்டி ஓடிப்போய் ஆடுகளை ஓரமாக விரட்டினார். ராமாயி தாவணியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

விசில் ஊதினார். காற்று வந்தது. “ஊதிட்டாரா?” என்று அவள் என்னைக் கேட்டாள். “ஊதிட்டாரு, ஓடு” என்றேன்.

ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. பட்டியல் எழுதத்தான் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் அதுவரை பார்த்த பிள்ளைகள் எல்லாம் பரிசு நாளன்று முதல் ஐம்பது அடியில் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, பிறகு இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். இவள் அப்படி ஓடவில்லை. முதல் சுற்றில் ஏதோ கடைக்குப் போகிறவள்போல ஓடினாள். தோள் அசையவில்லை. இரண்டாம் சுற்றின் பாதியில், யாரும் துரத்தாமல், யாரையும் துரத்தாமல், வேகம் பிடித்தாள். ஆண்டி எதுவும் கத்தவில்லை. ஒரு ஆட்டின் கொம்பைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

கடைசித் திருப்பத்தில் அருணகிரி சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய நற்சான்று அந்த மைதானத்தில் எவருக்கும் கிடைத்ததில்லை.

அவள் எங்களைத் தாண்டும்போது பொத்தானை அழுத்தினார். முள் நின்றது. பார்த்தார். என்னிடம் காட்டினார். என் கையில் பட்டியலின் பிரதி இருந்தது.

“நாம செல்வராணிக்கு எழுதினத விட கம்மியா இருக்குது சார்.”

“தெரியுது.”

“ரொம்பக் கம்மி சார்.”

“அதான் சிக்கல். நாமளே எழுதி, நாமளே கையெழுத்து போட்டு, நாமளே அத பொய்யாக்கறதா?” என்றார். “இது வெள்ளாடு மேயற மைதானம். அளவு சரியா இருக்காது. பாத்தாச்சா?”

பார்த்தாச்சு என்று தலையாட்டினேன். பெருவிரலால் மறுபடி அழுத்தினார். முள் டக்கென்று பூஜ்ஜியத்துக்குப் போனது.

ராமாயி மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். “எவ்ளோ சார்?”

“நல்லா ஓடினே. வாம்மா, ஆபீசுக்கு வா.”

ஆபீசில் அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தோம். தயாராக இருந்ததே. அவள் எழுத்துக்கூட்டாமல் சரளமாகப் படித்தாள். குண்டு எறிதல், மூன்றாம் இடம்.

“நான் குண்டு தொட்டதே இல்லியே சார்.”

“வெச்சிக்க. மலையிலருந்து பரிசு வாங்கினது நீ ஒருத்திதான்.”

“குண்டு எங்க சார் இருக்குது? எறிஞ்சது நானாச்சே, கண்ணாலயாவது பாத்துக்கினு போறேன்.”

நான்தான் காட்டினேன். ஆபீஸ் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அந்த இரும்புக் குண்டைத்தான் அண்டக் கொடுத்திருந்தோம். அவள் குனிந்து இரண்டு கையாலும் தூக்கினாள். கதவு மெள்ள வந்து சாத்திக்கொண்டது. “கனமாத்தான் இருக்குது. பரவால்ல, மூணாவது வந்துட்டேன்” என்று சொல்லி, கதவைத் திறந்து, குண்டைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு அப்பாவோடு போனாள். ஆண்டி எங்களுக்குக் கும்பிடு போட்டார். அவள் போடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் அருணகிரி சாரின் கதை என்று எழுதிவிட்டு நான் கையைத் துடைத்துக்கொள்ளலாம். முடியவில்லை. தபால் ஓடவில்லை அல்லவா? பட்டியல் அன்றைக்கு என் மேஜை இழுப்பறைக்குள் போனது. மறியல் புதன்கிழமை முடிந்தது. வியாழக்கிழமைதான் தபால் பை ஏறியது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். முழுசாக நான்கு நாள் அந்தப் பட்டியல் என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. ஒரு வரியை மாற்றி எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதும். அருணகிரி சார் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கிற ஆளும் இல்லை. மெமோ வந்தாலும் அவருக்குத்தான் வரும்.

நான் ஏன் மாற்றவில்லை? பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பயம் பாதிதான். மீதி என்ன தெரியுமா? ஒரு வரியை அடித்தால் பட்டியல் அசிங்கமாகிவிடும். புதிதாக எழுதலாம் என்றால் ரோஸ்டர் உதைக்கும். ராமாயியை எண்ணூறு மீட்டருக்கு ஏற்றினால் அந்த இடத்தில் இருந்தவளை இறக்க வேண்டும், அவளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும், சங்கிலியாக எல்லோரும் நகர வேண்டும். அவ்வளவு கச்சிதமாகச் செய்த வேலை. நடக்காத போட்டியில் அநியாயம் நடந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டவன் நான். என் புத்தி அப்படி இருந்தது.

பட்டியல் போனது. மறியல் வாரத்திலும் போட்டியைக் குறித்த நாளில் நடத்தி முடித்ததற்காக அருணகிரி சாருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ரோஸ்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். விடுதியில் சேரச் செல்வராணிக்குக் கடிதம் வந்தது. வயசுப் பெண்ணை வெளியூருக்கு அனுப்புவதா என்று அவர்கள் வீட்டில் அனுப்பவில்லை. அந்த இடம் அந்த வருடம் முழுக்கக் காலியாகவே கிடந்தது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டவனும் நான்தான். விசாரிப்பதில் எனக்கு எப்போதும் குறை இருந்ததில்லை.

1991 தேர்தலில் எனக்குக் கல்வராயன் மலையில் வாக்குச்சாவடி வேலை போட்டார்கள். ஜீப்பில் ஏறும்போதே ராமாயி நினைப்புதான். மலையில் அத்தனை சாவடிகள் இருக்க, நான் இருக்கும் சாவடிக்கா வருவாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினொரு மணிக்கு வரிசையில் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். பட்டியலில் பெயரைத் தேடினேன்.

“குண்டு சாரா?” என்றாள்.

பக்கத்தில் இருந்த அலுவலர் என் உடம்பைப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் குண்டாக இல்லையே என்பதுபோலச் சிரித்தார்.

“நல்லா இருக்கியாம்மா?”

“இருக்கறேன் சார். கடுக்காய் பொறுக்கறோம், சாமை போடறோம். அப்பாவுக்குத்தான் முட்டி வலி ஜாஸ்தி.”

“ஓடறது எல்லாம்...”

“இன்னாத்துக்கு சார்? யாரு தொரத்தறாங்க?” என்று குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். விரலில் மை வைத்தார்கள். வாக்குச்சீட்டை வாங்கியவள் நகராமல் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“சார், அன்னிக்கு எவ்ளோ ஆச்சி?”

“எது?”

“நான் ஓடினது. நீங்க முள்ளப் பாத்தீங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கினுதான் வந்தேன். ரொம்பக் கம்மிதானே?”

“ரொம்பக் கம்மிதான்மா.”

“அது தெரியுது சார். எவ்ளோ?”

எனக்கு நினைவில்லை. உண்மையாகவே இல்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. “ஞாபகம் இல்லம்மா” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அங்காடியில் கேட்ட சாமான் இல்லை என்றால் திரும்புவோமே, அப்படித் திரும்பி, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

இந்த முப்பத்துச் சொச்சம் வருடங்களில் எவ்வளவோ போய்விட்டது. அருணகிரி சார் போய்விட்டார். ஆபீஸ் பழைய கோப்புகளைக் காலாவதி என்று எரித்தபோது எங்கள் பட்டியலும் போய்விட்டது. வெட்டிய புளியமரங்களுக்குப் பதில் நட்டவை சாலையை அகலப்படுத்தியபோது போயின. கள்ளக்குறிச்சி 2019-ல் மாவட்டமானது. அந்த மைதானத்தின் மேல் இப்போது கட்டடங்கள் நிற்கின்றன. இரண்டு சுற்று என்பது உண்மையிலேயே எண்ணூறு மீட்டர்தானா என்று இனிமேல் அளந்து பார்க்கவும் வழியில்லை.

அன்றைய தேதி என் குறிப்பேட்டில் இருக்கிறது. ‘மழை இல்லை. பால் வரவில்லை. செய்தித்தாள் இல்லை. சான்றிதழ் வேலை முடிந்தது’ என்று நான்கு வாக்கியம். உலகத்தில் இரண்டே பேர் பார்த்த ஒரு எண். அதில் ஒருவர் அழித்துவிட்டார், இன்னொருவன் எழுதாமல் விட்டான். ஆனால் அந்தச் சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்திருந்த செல்வராணி எண்ணூறு மீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடினாள் என்று கேளுங்கள். இரண்டு நிமிடம், முப்பத்தொன்பது புள்ளி நான்கு நொடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் எழுதியது ஆயிற்றே.